பத்து நிமிடத்தில் முப்பது நாள்: இன்டர்ன்ஷிப் அனுபவத்தை அவையில் சொல்வது

கருத்தரங்கக் கூடத்தில் மதியம் இரண்டரை மணி. காலையிலிருந்து பதினாறு பேர் பேசி முடித்துவிட்டார்கள். பதினேழாவதாக வந்த மாணவர் ஸ்லைடுகளைத் தள்ளத் தொடங்குகிறார். நிறுவனம் தொடங்கிய ஆண்டு, அதன் தொலைநோக்கு, குறிக்கோள், கிளைகள் இருக்கும் ஊர்கள், வாங்கிய விருதுகள் என்று ஆறு நிமிடம் ஓடிவிடுகிறது. மேசையில் இருந்த பேராசிரியர் பேனாவைக் கீழே வைக்கிறார்.

“தம்பி, இதெல்லாம் கம்பெனி வெப்சைட்லயே இருக்கு. நீ அங்க என்ன செஞ்சே?”

மாணவர் அடுத்த ஸ்லைடைத் தேடுகிறார். அடுத்தது ‘நன்றி’.

அந்த மேசையில் உட்கார்ந்து இதே கேள்வியை நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். பதில் சொல்ல முடியாமல் நின்றவர்களில் பெரும்பாலோர் வேலை செய்யாதவர்கள் அல்லர். தேநீர் இடைவேளையில் தனியாகப் பேச்சுக் கொடுத்தால் மெஷின் சத்தம், மேற்பார்வையாளரிடம் வாங்கிய திட்டு, ஒருநாள் தப்பாக அளந்து மாட்டிக்கொண்டது என்று கொட்டித் தீர்ப்பார்கள். “இதை ஏன்டா மேல சொல்லலை?” என்றால், “அது சின்ன விஷயம் சார்” என்பார்கள். மதிப்பெண் அந்தச் சின்ன விஷயத்தில்தான் இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே விதியைச் சுற்றி வரும். நிறுவனம் உங்கள் பேச்சுக்குப் பின்னணி. உங்கள் கை எதில் பட்டது, கண் எதைக் கண்டது, நீங்களே எண்ணிய எண் எது என்பதே பேச்சு.

தயாரிப்பு எப்போது தொடங்குகிறது?

பயிற்சி முடிந்து, கல்லூரி திறந்து, தேதி அறிவித்த பிறகு லேப்டாப்பைத் திறப்பவர்களுக்கு நினைவில் இருப்பது சாப்பாட்டு நேரமும் சான்றிதழும் மட்டும்தான். தயாரிப்பைப் பயிற்சியின் முதல் நாள் இரவிலேயே தொடங்க வேண்டும்.

அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) இன்டர்ன்ஷிப் வழிகாட்டுதல் மாணவர் தினசரி நாட்குறிப்பு எழுத வேண்டும் என்கிறது. கல்லூரியில் பேச்சு, நேர்முகத் தேர்வு வழியாக மதிப்பிடும்போது அந்த நாட்குறிப்பையும் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. நடைமுறையில் அந்த நோட்டில் என்ன இருக்கிறது? ‘கட்டிங் பிரிவைப் பார்வையிட்டேன்’, ‘தையல் பிரிவைப் பார்வையிட்டேன்’. கையொப்பம் வாங்க அது போதும். பேச உதவாது.

அதனால் உங்களுக்கென்று ஒரு சிறிய நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரவு பத்து நிமிடம் ஒதுக்கி நான்கு கேள்விக்கு மட்டும் பதில் எழுதுங்கள்:

1. இன்று என் கையால் என்ன செய்தேன்?
2. புதிதாகக் காதில் விழுந்த சொல் எது? அதைச் சொன்னவர் என்ன பொருளில் சொன்னார்?
3. இன்று நான் எண்ணிய அல்லது அளந்த எண் எது?
4. எது புரியவில்லை? எதில் தவறினேன்?

மூன்றாவது கேள்விக்குத் தொடர்ந்து ஒரு வாரம் பதில் இல்லையென்றால், நீங்கள் வேடிக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். மறுநாள் எதையாவது எண்ணத் தொடங்குங்கள். கதவருகே நின்றுகூட எண்ணலாம். ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மெஷின் நின்றது, ஒரு கட்டு இங்கிருந்து அங்கே போக எத்தனை நிமிடம் காத்திருந்தது என்பதை எண்ண யாரும் தடை சொல்லப்போவதில்லை. ஆனால் எண்ணப் போகிறேன் என்று மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நோட்டும் பேனாவுமாகச் சுற்றும் புது முகத்தைக் கண்டால் தொழிலாளிகள், நம் வேகத்தைக் கணக்கெடுக்கிறார்களோ என்று தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை முதலிலேயே போக்குவது உங்கள் பொறுப்பு.

ஓர் எடுத்துக்காட்டு: திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒரு மாணவி

இனி வரும் பகுதிகளுக்கு ஒரு மாணவியை மனதில் வைத்துக்கொள்வோம். இவர் இந்த நூலுக்காக நான் அமைத்துக்கொண்ட மாணவி. எண்களும் விளக்கத்துக்காக வைத்தவையே. வேலையின் நடைமுறை மட்டும் திருப்பூரில் எந்தப் பனியன் கம்பெனிக்குப் போனாலும் பார்க்கக்கூடியது.

ஜவுளித் தொழில்நுட்பம் மூன்றாம் ஆண்டு. முப்பது வேலை நாள். முதல் வாரம் துணிக் கிடங்கு. ஜிஎஸ்எம் கட்டரால் துணியில் வட்டமாக வெட்டி எடை போடப் பழகினார். அந்த வட்டத்தின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். அதனால் தராசு 1.8 கிராம் காட்டினால் நூறால் பெருக்கி 180 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 180 கிராம், என்று சொல்லிவிடலாம். இரண்டாம் வாரம் கட்டிங். மூன்றாம் வாரத்திலிருந்து பவர் டேபிள் முடிவில் இருந்த செக்கிங் மேசை. ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின்களில் தைத்து வரும் டி-ஷர்ட்டைத் திருப்பிப் பார்த்து, குறை இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டித் தனியே போடும் அக்காமார்களோடு நின்றார்.

அங்கே ஐந்து நாள், நாளுக்கு 200 பீஸ் வீதம் 1,000 பீஸைப் பார்த்துக் குறைகளைக் குறித்தார். மொத்தம் 90 குறை. ஸ்கிப் ஸ்டிச் 34, தையல் விட்டுப்போனது 22, எண்ணெய்க் கறை 18, ஷேடு வேறுபாடு 9, மற்றவை 7. நூறு பீஸுக்கு இத்தனை குறை என்று சொல்லும் டிஹெச்யு கணக்கில் இது 9.

நேரத்தையும் சேர்த்துக் குறித்ததில் ஒன்று தெரிந்தது. எண்ணெய்க் கறை 18-இல் 13 காலை முதல் ஒரு மணி நேரத்தில் வந்தவை. பக்கத்தில் இருந்த டெய்லர் அக்கா, “ராத்திரி மெஷின் நிக்கும்போது எண்ணெய் ஊசிப் பக்கமா இறங்கிரும் கண்ணு. சாயங்காலம் வேஸ்ட் துணிய பிரஷர் ஃபுட்டுக்கு அடியில வெச்சிட்டுப் போயி, காலைல அந்தத் துணியிலயே ரெண்டு தையல் ஓட்டிட்டு ஆரம்பிச்சா நின்னுரும். அவசரத்துல யாரும் செய்யறதில்லை” என்றார். மேற்பார்வையாளர் சம்மதித்து அந்த லைன் முழுக்க அதைச் செய்ய வைத்தார். அடுத்த ஐந்து நாளில், அதேபோல் 1,000 பீஸில், எண்ணெய்க் கறை 6.

இவ்வளவுதான் நடந்தது. கம்பெனியின் வரலாற்றில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது. ஆனால் பத்து நிமிடப் பேச்சுக்கு இது போதும்.

எதை எடுப்பது, எதை விடுவது

முப்பது நாளையும் வரிசையாகச் சொல்ல முயல்வதுதான் முதல் தவறு. நாள்வாரிக் கணக்கு அறிக்கைக்கு உரியது. பேச்சுக்கு ஒரே ஒரு நிகழ்வை எடுங்கள். உங்கள் நோட்டிலிருந்து நான்கைந்து நிகழ்வுகளைத் தனித்தனித் தாளில் எழுதி மேசையில் பரப்புங்கள். ஒவ்வொன்றையும் பார்த்து மூன்று கேள்வி கேளுங்கள். இதில் நான் ஏதாவது செய்தேனா? இதில் ஓர் எண் இருக்கிறதா? முன்பு தெரியாத ஒன்று இதன் பிறகு தெரிந்ததா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்று வருவது ஒன்றிரண்டுதான் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு மற்றவற்றை அறிக்கையில் விட்டுவிடுங்கள்.

நம் மாணவிக்கு ஜிஎஸ்எம் கட்டரும் பிடித்திருந்தது. அதில் எண் உண்டு, கையும் பட்டது. ஆனால் அது பழகிய வேலை. அதில் கண்டுபிடித்தது எதுவும் இல்லை. எண்ணெய்க் கறையில் மூன்றும் இருந்தன.

விட வேண்டியவற்றில் கடினமானது பெரிய விஷயங்களை விடுவது. திருப்பூர் என்றதும் நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவு, 2011-இல் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டது, கழிவுநீர் வெளியேற்றமில்லா முறை என்று பேசத் தோன்றும். எல்லாம் உண்மை, எல்லாம் முக்கியம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் பயிற்சி எடுத்தவர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். செக்கிங் மேசையில் நின்றவர் அதைத் தொட்டால், அடுத்த கேள்வி அங்கிருந்து வரும். பதில் அவர் நோட்டில் இருக்காது.

பத்து நிமிடத்தைப் பங்கிடுதல்

பெரும்பாலான கல்லூரிகள் பத்து நிமிடம் பேச்சு, ஐந்து நிமிடம் கேள்வி என்று ஒதுக்குகின்றன. உங்கள் துறையின் கணக்கைக் கேட்டுக்கொண்டு இந்த அளவைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது ஸ்லைடு போதும்.

1. தலைப்பு, பெயர், இடம், காலம்: 20 விநாடி.
2. கம்பெனி எதைச் செய்கிறது, அதில் நான் நின்ற இடம் எது: 1 நிமிடம்.
3. துணி உள்ளே வந்து பெட்டியாக வெளியே போகும் வரிசை, ஒரே படத்தில்: 1½ நிமிடம்.
4. நான் கவனித்த சிக்கல்: 1 நிமிடம்.
5. எப்படி எண்ணினேன்: 1½ நிமிடம்.
6. எண்ணியதில் தெரிந்தது: 1½ நிமிடம்.
7. என்ன மாற்றினோம், பிறகு என்ன ஆயிற்று: 1½ நிமிடம்.
8. நான் செய்த தவறு, இந்தக் கணக்கின் எல்லை: 1 நிமிடம்.
9. வகுப்பில் படித்ததோடு இது சேரும் இடம், நன்றி: 40 விநாடி.

கம்பெனி அறிமுகத்துக்கு ஒரு நிமிடம்தானா என்று திகைக்காதீர்கள். என்ன தயாரிக்கிறார்கள், ஏறத்தாழ எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எந்த நாட்டுக்கு அனுப்புகிறார்கள் என்ற மூன்று வாக்கியம் அவையினருக்குப் போதும். விருதுப் பட்டியல் அறிக்கையின் பின்னிணைப்பில் இருக்கட்டும்.

எட்டாவது ஸ்லைடைப் பலர் அஞ்சி விட்டுவிடுகிறார்கள். என் அனுபவத்தில் மேசையில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவது அங்கேதான். நம் மாணவி முதல் நாள் குறையுள்ள பீஸ்களை எண்ணினார். ஒரே பீஸில் ஸ்கிப் ஸ்டிச்சும் கறையும் இருந்தால் ஒன்று என்று குறித்தார். டிஹெச்யு-வுக்கு எண்ண வேண்டியது குறைகளை. அப்படியென்றால் அந்தப் பீஸுக்கு இரண்டு. மாலையில் குவாலிட்டி கன்ட்ரோலர் பார்த்துச் சொன்ன பிறகு அன்றைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, மறுநாளிலிருந்து ஐந்து நாள் புதிதாகத் தொடங்கினார். இதைச் சொல்லும் மாணவிக்கு டிஹெச்யு என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதே இல்லை. தவறே விளக்கிவிடுகிறது.

ஸ்லைடின் தலைப்பு ஒரு செய்தியாக இருக்கட்டும்

‘முடிவுகள்’ என்று தலைப்பு வைத்தால் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. ‘18 எண்ணெய்க் கறைகளில் 13 காலை முதல் மணி நேரத்தில்’ என்று வைத்தால், பின்வரிசையில் கைபேசி பார்த்துக்கொண்டிருப்பவரும் தலை தூக்கிய நொடியில் பிடித்துக்கொள்வார். ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தலைப்பை முழு வாக்கியமாக எழுதுங்கள். பிறகு ஒன்பது தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படியுங்கள். கதை புரிந்தால் உங்கள் பிபிடி நிற்கிறது.

தலைப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பொறியியல் உலகில் ஒரு துயரமான பாடம் உண்டு. 2003 ஜனவரி 16-ஆம் தேதி கொலம்பியா விண்கலம் கிளம்பி ஒன்றரை நிமிடம் ஆவதற்குள் எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இடது இறக்கையில் மோதியது. விண்கலம் மேலே சுற்றிக்கொண்டிருந்தபோதே பொறியாளர்கள் சேதத்தைக் கணித்து, நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடுகளில் விளக்கினார்கள். ஒரு ஸ்லைடின் தலைப்பு, சோதனைத் தரவுகள் பாதுகாப்பான பக்கமே சாய்கின்றன என்ற எண்ணத்தைத் தந்தது. மோதிய துண்டின் கன அளவு ஏறத்தாழ 1,920 கன அங்குலம், சோதனையில் பயன்படுத்தியது வெறும் 3 கன அங்குலம் என்ற செய்தி அதே ஸ்லைடின் அடியில், சிறிய எழுத்தில், கடைசி வரியாக இருந்தது. 640 மடங்கு வித்தியாசம். பிப்ரவரி 1-ஆம் தேதி பூமிக்குத் திரும்பும்போது விண்கலம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தனர். தகவல் காட்சிப்படுத்தலில் பேர்பெற்ற எட்வர்ட் டஃப்டி அந்த ஸ்லைடை வரிவரியாக ஆராய்ந்து காட்டினார். விபத்தை விசாரித்த குழுவும், ஓர் உயர் அதிகாரி அதைப் படித்துவிட்டு ஆபத்தை உணராமல் போயிருக்கலாம் என்று தன் அறிக்கையில் சுட்டியது.

விபத்துக்கு ஸ்லைடு மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் மிக முக்கியமான எண் எங்கே உட்கார வேண்டும் என்பது அழகுணர்ச்சி சார்ந்த கேள்வி இல்லை என்பதை அது காட்டியது. உங்கள் பிபிடியில் மிக முக்கியமான எண் எது? அது எந்த ஸ்லைடில், எந்த வரியில், எந்த அளவு எழுத்தில் இருக்கிறது? இப்போதே திறந்து பாருங்கள்.

எண்ணும் படமும்

நம் மாணவியின் ஆறாவது ஸ்லைடில் ஒரே ஒரு பட்டை வரைபடம். உயரமான பட்டை முதலில், குட்டை கடைசியில். பரேட்டோ வரைபடம் என்று நீங்கள் தரக் கட்டுப்பாட்டுத் தாளில் படித்ததே இது. 34, 22, 18, 9, 7 என்ற எண்கள் பட்டைகளின் தலையில். எண்ணெய்க் கறைப் பட்டை மட்டும் வேறு நிறத்தில். முப்பரிமாணப் பட்டை, நிழல், சுழன்று வரும் அசைவு எதுவும் வேண்டாம்.

உடனே ஒரு கேள்வி எழும். உயரமான பட்டை ஸ்கிப் ஸ்டிச் ஆயிற்றே, மூன்றாவதை ஏன் எடுத்தாய்? மாணவி இதை எதிர்பார்த்து ஸ்லைடிலேயே ஒரு வரி வைக்க வேண்டும்: ‘ஸ்கிப் ஸ்டிச்சை மெக்கானிக் ஏற்கெனவே கவனித்து வந்தார். கறைக்கு நேரத் தொடர்பு தெரிந்ததால் அதை எடுத்தேன்.’ நேர்மையான காரணம் சிறியதாக இருந்தாலும் நிற்கும்.

18 என்பது 6 ஆனதை ‘66.67 சதவீதக் குறைவு’ என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். ஐந்து நாள் கணக்குக்குத் தசமப் புள்ளி தாங்காது. ‘18-லிருந்து 6’ என்பதே தெளிவு, அதுவே மரியாதை.

படங்களில் கவனம் தேவை. கைபேசியில் எடுத்ததையெல்லாம் போடக்கூடாது. கம்பெனிக்குள் படம் எடுக்கவும், அதைக் கல்லூரியில் காட்டவும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். துணியில் இருக்கும் பிராண்டு லேபிள், ஆர்டர் ஷீட், விலை, வெளிநாட்டு வாங்குநரின் பெயர் ஆகியவை படத்தின் ஓரத்தில்கூடத் தெரியக்கூடாது. வெளிவராத டிசைன் ஒன்று மாணவரின் ஸ்லைடில் தெரிந்தால் அடுத்த ஆண்டு உங்கள் ஜூனியருக்கு அந்தக் கதவு திறக்காது. வேலை செய்பவர்களின் முகம் வேண்டாம். கையும் மெஷினும் போதும். அனுமதி கிடைக்கவில்லையா? தாளில் பென்சிலால் வரைந்து அதைப் படமெடுத்துப் போடுங்கள். பிரஷர் ஃபுட்டுக்கு அடியில் மடித்து வைத்த துணியை நீங்களே வரைந்த கோட்டுப்படம், இணையத்திலிருந்து எடுத்த பளபளப்பான தொழிற்சாலைப் படத்தைவிட அதிகம் சொல்லும்.

ஸ்லைடுகளை முடித்ததும் ஒருமுறை உங்கள் மேற்பார்வையாளருக்கு அனுப்பிச் சம்மதம் கேளுங்கள். அவர் எதையாவது எடுக்கச் சொன்னால் வாதாடாமல் எடுத்துவிடுங்கள்.

மொழியும் எழுத்துருவும்

ஸ்லைடு ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று பல துறைகளில் விதி உண்டு. இருக்கட்டும். சிக்கல் பேச்சில் வருகிறது. ஆங்கில வாக்கியங்களை நெட்டுருப் போட்டு வந்தவருக்கு ஒரு சொல் மறந்தால் மொத்தமும் நின்றுவிடும். துறையிடம் கேட்டுத் தமிழில் விளக்க அனுமதி உண்டென்றால் தமிழிலேயே பேசுங்கள். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்றால், சிறு சிறு வாக்கியமாக, நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் சொற்களால் பேசுங்கள். எந்த மொழியானாலும் வேலையிடத்துச் சொல்லை அப்படியே சொல்லுங்கள். பவர் டேபிள், கைமடி, செக்கிங் என்று அங்கே புழங்கும் சொல் உங்கள் வாயில் இயல்பாக வந்தால், நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. கைமடி என்றால் டெய்லருக்குத் துணியை எடுத்துக் கொடுக்கும் உதவியாளர் என்று ஒரு முறை விளக்கிவிட்டால் போதும்.

ஸ்லைடில் தமிழ் எழுத்து இருந்தால் யூனிகோடு எழுத்துருவையே பயன்படுத்துங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த ஒரு மாணவரின் ஸ்லைடு, அந்த எழுத்துரு இல்லாத கூடத்துக் கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக விரிந்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் பாவம், தலைப்பை வாசிக்க முடியாமல் தன் பெயரிலேயே தடுமாறினார். கோப்பைச் சேமிக்கும்போது எழுத்துருவை உள்ளே பதிக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். எதற்கும் ஒரு பிடிஎஃப் பிரதியும் கையில் இருக்கட்டும்.

எழுத்து அளவு முப்பதுக்குக் கீழே போனால் சொற்கள் கூடிவிட்டன என்று பொருள். எழுத்தைச் சுருக்காமல் சொல்லைக் குறையுங்கள். பழைய புரொஜெக்டரில் வெளிர்நிறம் கரைந்துபோகும். வெள்ளையில் மஞ்சள் எழுத்தை யாரும் படிக்க முடியாது.

ஒத்திகை

வாயைத் திறந்து, நின்றுகொண்டு, கடிகாரம் வைத்து மூன்று முறை. இதற்குக் குறுக்குவழி இல்லை.

முதல் முறை தனியாக, நேரம் பார்க்க. பதினாறு நிமிடம் வரும். வேகமாகப் பேசிச் சரிக்கட்டாதீர்கள். ஒரு துண்டை வெட்டுங்கள். இரண்டாம் முறை உங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் முன். வீட்டில் அம்மாவோ, விடுதியில் வணிகவியல் நண்பரோ. அவர் ‘அப்படின்னா?’ என்று கேட்கும் இடத்தையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் முறை, ஸ்லைடே இல்லாமல். மின்சாரம் போனாலும் புரொஜெக்டர் மக்கர் செய்தாலும் கரும்பலகையில் ஐந்து பட்டையை வரைந்து உங்களால் பேச முடிய வேண்டும்.

முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். நடுவில் உள்ளது நீங்கள் செய்த வேலை. அது மறக்காது.

கேள்வி நேரம்

உண்மையான தேர்வு இங்கேதான். நம் மாணவியிடம் இப்படிக் கேட்கலாம் (இதில் வரும் ஏக்யூஎல் என்பது ஏற்கத்தக்க தர அளவு):

“ஃபைனல் இன்ஸ்பெக்ஷன்ல எத்தனை பீஸ் பார்ப்பாங்கம்மா?”

“ஏக்யூஎல் 2.5, பொது நிலை இரண்டுன்னா, 2,000 பீஸ் லாட்டுக்கு 125 பீஸ் எடுப்பாங்க சார். 7 குறை வரைக்கும் பாஸ், 8 வந்தா லாட் ஃபெயில். அட்டவணையைப் பார்த்துத்தான் சொல்றேன். நான் செய்யலை, கன்ட்ரோலர் செய்யும்போது பக்கத்துல நின்னேன்.”

“அஞ்சு நாள் கணக்கை வெச்சு இது வேலை செய்யுதுன்னு எப்படிச் சொல்ற?”

“உறுதியாச் சொல்ல முடியாது சார். அந்த வாரம் வேற ஸ்டைல் ஓடியிருந்தா எண் மாறியிருக்கலாம். ஒரு மாசமாவது எண்ணணும்.”

“வேஸ்ட் துணி வைக்கிற யோசனை உன்னோடதா?”

“இல்ல சார். டெய்லர் அக்கா சொன்னது. காலைலதான் கறை அதிகம்னு எண்ணிப் பார்த்தது நான்.”

கடைசிப் பதிலைக் கவனியுங்கள். ‘ஆமாம் சார்’ என்று சொல்லிவிட்டுத் தப்பிக்க வழி இருந்தது. யாரும் திருப்பூருக்குப் போய் விசாரிக்கப் போவதில்லை. ஆனால் அந்த ஒரு பொய்யைச் சொன்னதும் அடுத்த கேள்வி, “எப்படித் தோணுச்சு?” என்று வரும். அங்கிருந்து கதை கட்ட வேண்டியிருக்கும். உண்மையில், பன்னிரண்டு ஆண்டு மெஷினில் உட்கார்ந்தவருக்குத் தெரிந்ததை முப்பது நாள் போனவர் கண்டுபிடித்தேன் என்றால் அனுபவம் உள்ளவர்கள் நம்பவும் மாட்டார்கள். அக்காவுக்குத் தெரிந்திருந்தது. அதை யாரும் எண்ணிக் காட்டவில்லை. எண்ணிக் காட்டியது மாணவி. அவரவர் பங்கு அவரவருக்கு. ஏழாவது ஸ்லைடிலேயே ‘யோசனை: லைன் டெய்லர்’ என்று போட்டுவிட்டால் கேள்விக்கே இடமில்லை.

தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லுங்கள். அதோடு நிற்காமல், யாரிடம் கேட்டால் அல்லது எதை அளந்தால் தெரியும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேள்வி புரியவில்லையென்றால், “இன்னொரு முறை சொல்ல முடியுமா சார்?” என்று கேட்பதில் குறைவில்லை.

“எனக்கு அங்கே வேலையே தரவில்லை”

இப்படிச் சொல்பவர்கள் நிறைய. ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள், கோப்பு அடுக்கச் சொன்னார்கள், நாலாவது நாள் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். சிலர் பணம் கட்டி இணையத்தில் சான்றிதழ் வாங்கியிருப்பார்கள்.

நடக்காததை நடந்ததாகச் சொல்லாதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே அவிழ்ந்துவிடும். நடந்ததை எடுத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போக முடியும் என்று பாருங்கள். கோப்பு அடுக்கினீர்களா? எந்த வரிசையில்? ஒரு கோப்பைத் தேடி எடுக்க அங்கே எத்தனை நிமிடம் ஆயிற்று? எந்தக் கோப்பு அடிக்கடி காணாமல் போனது? மூலையில் உட்கார்ந்திருந்தபோது எதிரில் என்ன நடந்தது? நான்கு நாள்தான் என்றால் நான்கு நாள் என்றே முதல் ஸ்லைடில் எழுதுங்கள். கால அவகாசம் இருந்தால் துறைத் தலைவரிடம் உள்ளதைச் சொல்லி, உள்ளூரில் ஒரு லேத் பட்டறையிலோ ஆஃப்செட் அச்சகத்திலோ ஒரு வாரம் நிற்க அனுமதி கேளுங்கள். பெரிய பெயர் இல்லாத இடத்தில்தான் கையில் வேலை கொடுப்பார்கள்.

அன்றைய தினம்

முந்தின நாள் மாலை கூடத்துக்குப் போய் உங்கள் கோப்பை அந்தக் கணினியிலேயே திறந்து பாருங்கள். கோப்பு பென்டிரைவிலும், உங்கள் மின்னஞ்சலிலும், நண்பரின் லேப்டாப்பிலும் இருக்கட்டும். சொந்த லேப்டாப் என்றால் புரொஜெக்டருக்கு ஹெச்டிஎம்ஐயா விஜிஏவா என்று கேட்டு, தேவையான கன்வெர்ட்டரை எடுத்துச் செல்லுங்கள். சான்றிதழ், கையொப்பமிட்ட நாட்குறிப்பு, உங்கள் சொந்த நோட்டு மூன்றும் பையில் இருக்க வேண்டும். “எப்படி எண்ணினே?” என்று கேட்டால், கோடு கோடாகக் குறித்த அந்தக் கசங்கிய தாளை எடுத்து நீட்டுங்கள். நான் பார்த்த வரை, எந்த ஸ்லைடும் அந்தத் தாளின் வேலையைச் செய்ததில்லை.

இன்றைக்கான பயிற்சி

லேப்டாப்பைத் திறக்காதீர்கள். நண்பர் ஒருவரை அழைத்து, கைபேசியில் மூன்று நிமிடம், உங்கள் பயிற்சியில் நடந்த ஒரு நாளைச் சொல்லுங்கள். அவர் “ம்… ம்…” என்று கேட்டுக்கொண்டிருப்பார். எந்த இடத்தில் அவராகவே “அப்புறம்?” என்று கேட்கிறாரோ, பேச்சை நிறுத்திவிட்டு அந்த இடத்தைத் தாளில் எழுதுங்கள். உங்கள் நான்காவது ஸ்லைடு அதுதான். மற்ற எட்டையும் அதைச் சுற்றி அடுக்குங்கள்.